பெட்டி எண் பதினேழு

சித்திரையில் கப்பலேறியது.
ஐப்பசிக் கடைசியில் வந்து சேர்ந்தது.
இடையில் கொழும்புத் துறைமுகத்தில்
எவருடைய கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்ததென்று
லொறிச் சாரதி சுமித்துக்கும் தெரியாது.
"பாதை சரியில்லை" என்றார், தெரிந்த தமிழில்.
முத்தையன்கட்டுச் சந்தியிலிருந்து பள்ளிக்கூடம் வரை
மூன்று இடத்தில் சில்லுப் புதைந்தது.
பிள்ளைகள்தான் தள்ளினார்கள்,
தங்களுக்கு வந்த பெட்டிகளைத் தாங்களே.

எண்ணுவது என் வேலை.
முப்பத்தொரு பெட்டி.

கொப்பி, அறுநூறு. அரைவாசியில் கடலீரம்,
தாளைத் தாளிலிருந்து உரிக்க வேண்டும்.
கலர்ப் பென்சில், குறையில்லை.
சப்பாத்து, நாற்பத்து மூன்று சோடி,
பிறகு ஓர் இடதுகால்.
அந்த ஒற்றையை எங்கே எழுதுவது?
'வேறு' என்ற நிரலில் எழுதினேன்.
அடுத்தநாள் காலை கேற்றடியில் வந்து நின்றார்
சைக்கிள் கடைத் தேவராசா.
அவருக்கு மிஞ்சியது இடதுகால்தான்.
நாலு விரல் கட்டை.
சின்னப்பிள்ளைச் சப்பாத்தெல்லோ ரீச்சர் என்று
தானே சிரித்துவிட்டுப் போனார்.

பெட்டி பதினேழைத் திறந்தபோது
மழைக்கு முந்திய புழுக்கம்
முதுகுச் சட்டையை ஒட்டவைத்திருந்தது.
உள்ளே பனிக்காலத்துச் சாமான்.
கையுறைகளைக் கோபிராஜ் ஆட்கள் கேளாமலே எடுத்துப்போனார்கள்.
அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில்
பதினான்கு விக்கெட் காப்பாளர்கள்.

கடைசியில் ஒரு குளிர்ச்சட்டை, சிவப்பு.
கழுத்துப் பட்டியில் நூலால் தைத்த பெயர்.
ஐந்தாம் வகுப்பு நிலக்சனா
ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டினாள்:
"மாரி... ரீச்சர், மாரி எண்டிருக்கு.
பிறகொரு எழுத்து நிக்குது,
அது வாயிலை வருகுதில்லை."

அது மாரித். நோர்வேப் பிள்ளை.
நான் திருத்தவில்லை.
மாரியை எங்களுக்குத் தெரியும்.
குளம் வான் பாயும்.
தகரக் கூரைக்குக் கீழே நான் கத்துவது
பின்வாங்குக்குப் போகாது.
நெல்லுக்கு நல்லவள், பாதைக்குப் பொல்லாதவள்.

"இதைத் தந்துபோட்டு
மாரி இப்ப எதைப் போடுவாள்?"

வளர்ந்திருப்பாள், அளவில்லாமல் போயிருக்கும் என்றேன்.
"தங்கச்சி இல்லையோ அவளுக்கு?"
படிவத்தை மேலும் கீழும் பார்த்தேன்.
அதற்கு நிரல் இல்லை.

சங்கம் படம் கேட்டிருந்தது.
சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டி
அவளை வேம்பின்கீழ் நிறுத்தினோம்.
சிரி பிள்ளை என்றார் அதிபர்.
வியர்வை கண்ணுக்குள் போக முகம் சுளித்தாள்.
படத்தில் பார்த்தால்
குளிரில் நடுங்குகிறாள் என்றுதான் சொல்வார்கள்.

சனிக்கிழமை அவளே சட்டையை மடித்து,
பொக்கற்றில் பதினொரு புளியங்கொட்டையும்
காய்ந்த பாலைப்பழமும் போட்டு,
ஒட்டுசுட்டான் தபாற்கந்தோருக்கு
என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.
தராசில் வைத்தார் தபாலதிபர்.
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
தாய்க்கு அது ஆறு நாள் களை பிடுங்கின கூலி.
"கொட்டை அனுப்பவும் ஏலாது பிள்ளை,
சுங்கம் விடாது."
"எங்களிட்டை வரேக்கை மட்டும் விட்டவையோ?"
"ஆறு மாசம் வைச்சிருந்துதான் விட்டவை" என்றார் அவர்,
சட்டையைத் திருப்பி அவள் கையில் கொடுத்தபடி.

வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை.
பொக்கற்றில் கொட்டைகள் மட்டும்
நடைக்கு நடை கிலுங்கின.

திங்கள் காலை கணக்கை முடித்தேன்.
குளிர்ச்சட்டை, சிவப்பு, ஒன்று.
பெற்றவர்: எவருமில்லை.
குறிப்பு: உரியவர் வரும்வரை அலுமாரியில்.

கார்த்திகை இரண்டாம் கிழமை,
கணக்குப் பாடத்தின் நடுவில்,
கூரையில் முதல் தூறல் விழுந்தது.
பிள்ளைகள் எல்லாரும் யன்னலைப் பார்க்க
நிலக்சனா மட்டும்
அலுமாரியைப் பார்த்தாள்.